கோபன்ஹேகனுக்கு அரண் அமைத்த ஆயர் அப்சலோன்

டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனை நிறுவியவராகப் போற்றப்படும் அப்சலோன், 1158-ஆம் ஆண்டு ரோஸ்கில்டே ஆயராகப் பொறுப்பேற்றார். அவருடைய உற்ற நண்பரான மன்னர் முதலாம் வால்டெமார், 'ஹவ்ன்' என்னும் கடலோரச் சிற்றூரை அவருக்கு வழங்கினார்.

பால்டிக் கடற்கொள்ளையரின் தாக்குதலைத் தடுக்க, அவ்வூரை ஒட்டிய சிறு தீவில் 1167-ஆம் ஆண்டு வாக்கில் அவர் கோட்டை எழுப்பினார். அதன் பாதுகாப்பில் மீனவர், வணிகர் குடியிருப்பு துறைமுக நகராக வளர்ந்தது. பின்னர் லுண்ட் பேராயராகவும் உயர்ந்த அவர், 1201-இல் சோரோ மடாலயத்தில் காலமானார்.

அவருக்கு முன்பே அங்கு மக்கள் வாழ்ந்ததை அகழாய்வுகள் காட்டுகின்றன. ஆகவே, ஊரைத் தோற்றுவித்தவர் என்பதைவிட அதற்கு அரண் தந்து நகராக்கியவர் என்பதே பொருத்தமாகும். 1369-இல் தகர்க்கப்பட்ட அக்கோட்டையின் எச்சங்கள், தற்போது நாடாளுமன்றம் இயங்கும் கிறிஸ்டியான்ஸ்போர்க் அரண்மனையின் அடியில் உள்ளன.