உங்க சொத்து வரியில் நூலகத்துக்கும் பங்கு இருக்கு: அதுக்குக் காரணமான எஸ்.ஆர்.ரங்கநாதன் யார்?

தாம்பரம், பல்லாவரம் பக்கம் சொந்த வீடு இருந்தா, சொத்து வரி விவரத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்க. அதில் ‘நூலக வரி’ என்று ஒன்று இருக்கும். வரியில் ஒரு ரூபாய்க்கு 10 காசு. 5,000 ரூபாய் சொத்து வரின்னா, 500 ரூபாய் நூலகத்துக்கு.

இந்த ஏற்பாட்டுக்காகப் பல ஆண்டுகள் போராடியவர் ஒரு கணக்கு வாத்தியார்.

கணக்கிலிருந்து நூலகத்துக்கு

சீர்காழியில் 1892-ல் பிறந்தவர் ரங்கநாதன். கணிதம் படித்தது சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில். இன்று தாம்பரத்தின் அடையாளமாக இருக்கும் அதே எம்.சி.சி.தான். அப்போது அது ஜார்ஜ் டவுனில் இருந்தது. 1937-ல்தான் தாம்பரத்துக்கு வந்தது.

மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர், 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர் ஆனார். சில நாளிலேயே போரடித்துவிட்டது. திரும்பவும் பாடம் நடத்தப் போகிறேன் என்று கேட்டார். முதலில் லண்டன் போய் நூலகக் கல்வி படித்து வா, அப்புறம் பார்க்கலாம் என்றார்கள்.

அந்தப் பயணம் அவரை மாற்றியது. அங்கே தொழிலாளர்களும் குழந்தைகளும் சாதாரணமா நூலகத்துக்குள் வந்து போவதைப் பார்த்தார். அந்த நூலகங்கள் உள்ளூர் வரிப் பணத்தில் நடந்தன. 1925-ல் ஊர் திரும்பியவர், கணக்குப் பாடத்துக்குத் திரும்பவே இல்லை.

நன்கொடை போதாது, சட்டம் வேணும்

1928-ல் சென்னை நூலகச் சங்கம் தொடங்கியதில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. 1931-ல் நூலகவியலின் ஐந்து விதிகளை எழுதினார். நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் ஓர் உயிர் மாதிரி என்பது ஐந்தாவது விதியின் சாரம். அப்படின்னா புத்தகம், இடம், ஆள், பணம் எல்லாமே வளரணும். ஒரு வள்ளலின் நன்கொடையையோ, ஓர் ஆண்டு மட்டும் வரும் மானியத்தையோ நம்பி அதை நடத்த முடியாது.

அதனால் 1930-லேயே மாதிரி நூலகச் சட்டம் ஒன்றை எழுதினார். 1933-ல் சென்னை சட்டமன்றத்துக்கு வந்த மசோதா நிறைவேறவில்லை. மேலும் 15 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

1948-ல் என்ன நடந்தது?

கல்வி அமைச்சராக இருந்த தி.சு.அவினாசிலிங்கம் செட்டியார் காலத்தில் சென்னை பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் இதுதான். இதன் மூன்று அம்சங்களைத் தெரிஞ்சுக்கணும்:

• சொத்து வரியோடு சேர்த்து நூலக வரி. தொடக்கத்தில் ரூபாய்க்கு 6 தம்பிடி, அதாவது அரையணா.

• அந்தப் பணத்தை நிர்வகிக்க நூலக ஆணைக்குழுக்கள்.

• வசூலான வரிக்குக் குறையாத தொகையை அரசும் தர வேண்டும். இதில் சென்னை நகரத்துக்கு மட்டும் விலக்கு. தாம்பரம் அன்று நகர எல்லைக்கு வெளியே, செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது.

ரங்கநாதன் அப்போது டெல்லி பல்கலைக்கழகத்தில் இருந்தார். பின்னாளில் தன் சேமிப்பிலிருந்து 1 லட்சம் ரூபாயை, நூலகவியல் பேராசிரியர் பதவி ஒன்றை உருவாக்கச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். 1957-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. 1972-ல் பெங்களூரில் காலமானார்.

நமக்கு இதில் என்ன இருக்கு?

தாம்பரம் 2021-ல் மாநகராட்சி ஆனது. குடியிருப்புகள் பெருகப் பெருக, வரி கட்டுபவர்களும் பெருகுகிறார்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்க உட்கார இடம் தேடும் இளைஞர்களும்தான். ஆனால் உள்ளாட்சி அமைப்புகள் வசூலித்த நூலக வரியை ஆணைக்குழுவிடம் ஒப்படைக்காமல் நிலுவை வைப்பதாகத் தமிழகத்தில் அடிக்கடி புகார் எழுகிறது.

அதனால், உங்க ஏரியா நூலகத்துக்குக் கூடுதல் இடம் கேட்டு மனு எழுதும்போது இரண்டு கேள்விகளையும் சேர்த்துக்கோங்க. எங்க பகுதியில் வசூலான நூலக வரி எவ்வளவு? அதில் ஆணைக்குழுவுக்குப் போய்ச் சேர்ந்தது எவ்வளவு? பதில் வரலைன்னா, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். நூலகம் கேட்பது சலுகை கேட்பது இல்லை. அதுக்கான பணத்தை நாம ஏற்கெனவே கட்டிட்டோம்.