தையல் மெஷினைத் திருப்பிப் போட்ட மார்கரெட்

விழா மலருக்கு சாதனைப் பெண் ஒருவரைப் பத்தி எழுதித் தரச் சொல்லி கூட்டமைப்பில் கேட்டாங்க. ஜான்சி ராணி, அன்னை தெரசா எல்லாரையும் மத்த குழுக்காரங்க முந்தி எடுத்துக்கிட்டாங்க. நான் தையல்காரி. அதனால, தைச்சே உலகம் முழுக்கப் பேர் வாங்கின ஒரு அம்மாவைப் பத்தி எழுதுறேன். பேரு மார்கரெட் ஸ்டைஃப், நாடு ஜெர்மனி. துணிப் பொம்மைப் பயிற்சிக்கு வந்த மேடம்தான் முதல்ல இவங்களைப் பத்திச் சொன்னாங்க. பிறகு என் பொண்ணு போன்ல தேடித் தேடிப் படிச்சுக் காட்டினா.

மார்கரெட் பிறந்தது 1847 ஜூலை 24-ந் தேதி, கீங்கன் என்கிற சின்ன ஊர்ல. அப்பா கட்டடம் கட்டுற மேஸ்திரி. ரெண்டு அக்கா, ஒரு தம்பி. ஒன்றரை வயசுல காய்ச்சல் வந்து படுத்த குழந்தைக்கு அதுக்கப்புறம் ரெண்டு காலும் வரலை. வலது கையும் பலம் இல்லாமப் போச்சு, தூக்கினாலே வலி. அதுதான் இளம்பிள்ளை வாதம், நாம போலியோன்னு சொல்றது. நம்ம பிள்ளைங்களுக்கு வாயில ரெண்டு சொட்டு விட்டு, 2014-ல இந்தியாவே போலியோ இல்லாத நாடாயிடுச்சு. அந்தக் காலத்துல சொட்டு மருந்து ஏது? பெத்தவங்க ஊர் ஊரா வைத்தியத்துக்குத் தூக்கிட்டுப் போனாங்க. ஆபரேஷன் பண்ணிப் பார்த்தாங்க, வெந்நீர் ஊற்று இருக்கிற ஊருக்கும் அனுப்பினாங்க. ஒண்ணும் பலிக்கலை. பதினேழு வயசு வாக்குல மார்கரெட்டே, இனி வைத்தியம் தேடி அலையறது போதும், இருக்கிற உடம்பை வச்சுப் பிழைக்கிற வழியைப் பார்ப்போம்னு முடிவு பண்ணிட்டாங்க.

ஆனா பள்ளிக்கூடத்தை மட்டும் விடலை. கூடப்பிறந்தவங்களும் பக்கத்து வீட்டுப் பிள்ளைங்களும் சின்ன வண்டியில உட்கார வச்சு இழுத்துட்டுப் போவாங்க. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துல இருந்த ஒரு அம்மா உள்ளே தூக்கிட்டுப் போய் விடுவாங்க. பிறகு அக்காங்களோட சேர்ந்து தையல் பள்ளிக்கும் போனாங்க. வலது கை சரியா வராத பொண்ணுக்கு ஊசி பிடிக்கிறதே பெரிய கஷ்டம். ஆரம்பத்துல தையல் கோணலும் மாணலுமாத்தான் வந்திருக்கு. விடாமப் பழகிப் பழகி நல்ல தையல்காரி ஆனாங்க. சிதர்னு ஒரு கம்பி வாத்தியமும் கத்துக்கிட்டு மத்தவங்களுக்குச் சொல்லிக் கொடுத்து சம்பாதிச்சாங்க.

அப்புறம் வீட்டுக்குத் தையல் மெஷின் வந்துச்சு. அந்த ஊருக்கே அதுதான் முதல் மெஷின்னு சொல்றாங்க. நம்ம மெஷின் எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியும். சக்கரம் வலது பக்கம் இருக்கும். மார்கரெட்டுக்கு வலது கையால அதைச் சுத்த முடியாது, மிதிக்கக் காலும் இல்லை. அவங்க என்ன பண்ணாங்க தெரியுமா? மெஷினையே பின்பக்கமாத் திருப்பிப் போட்டாங்க. சக்கரம் இடது கைப் பக்கம் வந்துடுச்சு. இடது கையால சுத்தித் தைக்க ஆரம்பிச்சாங்க. இதைப் படிச்சப்ப நான் எழுந்து போய் என் மெஷின் முன்னாடி நின்னு பார்த்தேன். பதினோரு வருஷமாத் தைக்கிறேன், அதைத் திருப்பியும் போடலாம்னு எனக்கு ஒருநாளும் தோணினதில்லை. தேவை இருக்கிறவங்களுக்குத்தான் அந்த வழி கண்ணுக்குத் தெரியுது.

1874-ல அப்பா வீட்டிலேயே மகளுக்குன்னு ஒரு தையல் அறை ஒதுக்கிக் கட்டிக் கொடுத்தார். 1877-ல மார்கரெட் ஃபெல்ட் துணியில உள்பாவாடை, பிள்ளைங்க சட்டை எல்லாம் தைச்சு விக்கிற கடை தொடங்கினாங்க. ஃபெல்ட்னா தறியில நெய்யற துணி கிடையாது. கம்பளி ரோமத்தை ஈரம் பண்ணி அழுத்தி அழுத்தித் தகடு மாதிரி ஆக்கறது. வெட்டின ஓரத்துல நூல் பிரியாது, அதனால ஓரம் மடிச்சுத் தைக்கிற வேலை மிச்சம். ஆர்டர் கூடக் கூட உதவிக்குத் தையல் தெரிஞ்ச பெண்களை வேலைக்கு வச்சாங்க. நாமும் உள்பாவாடையிலதானே ஆரம்பிச்சோம்? அதனால இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிச்சுது.

1879 டிசம்பர்ல வந்த ஒரு பத்திரிகையில சின்ன யானை ஒண்ணோட அளவுப்படம் இருந்துச்சு. அதைப் பார்த்து 1880-ல ஃபெல்ட் துணியில யானை வெட்டி, உள்ளே ஆட்டு ரோமம் அடைச்சுத் தைச்சாங்க. விளையாட இல்லை, ஊசி குத்தி வைக்கத்தான். தெரிஞ்சவங்களுக்குப் பரிசாக் கொடுத்தாங்க. ஆனா அந்த வீட்டுப் பிள்ளைங்க ஊசியை எல்லாம் பிடுங்கிப் போட்டுட்டு யானையைத் தூக்கிட்டுப் போய் விளையாடிச்சுங்க. அந்தக் காலத்து பொம்மை பெரும்பாலும் மரம், தகரம், பீங்கான். கட்டிப்பிடிச்சுத் தூங்க முடியாது. பிள்ளைங்களுக்கு மெத்துன்னு இருக்கிற பொம்மைதான் வேணும்னு மார்கரெட் புரிஞ்சுக்கிட்டாங்க. தம்பி ஃபிரிட்ஸ் ஒரு மூட்டை யானையைப் பக்கத்து ஊர் ஹைடன்ஹைம் சந்தைக்குக் கொண்டு போய் வித்துட்டு வந்தார். 1886-க்குள்ள ஐயாயிரம் யானைக்கு மேல போயிடுச்சு. பிறகு குரங்கு, கழுதை, குதிரை, ஒட்டகம்னு ஒவ்வொண்ணா வந்துச்சு.

1889-ல புது வீடு, கடையோட. மார்கரெட் சக்கர நாற்காலியிலேயே மேலே ஏறிப் போக சாய்வுப் பாதை வச்சுக் கட்டினாங்க. 1893-ல பொம்மைத் தொழிற்சாலைன்னு முறையாப் பதிவு பண்ணினப்ப, உள்ளே நாலு தையல் பெண்கள், வீட்டில இருந்து தைச்சுக் கொடுக்கிறவங்க பத்துப் பேர். அவ்வளவுதான்! நம்ம ஒரு குழு அளவு.

மார்கரெட் கல்யாணம் பண்ணிக்கலை. தம்பி பிள்ளைங்க வளர்ந்து ஒவ்வொருத்தரா தொழிலுக்கு வந்தாங்க. அதுல ரிச்சர்டு என்பவர் படம் வரையப் படிச்சவர். மிருகக்காட்சி சாலையில கரடியைப் பார்த்துப் பார்த்து வரைஞ்சு, 1902-ல கையும் காலும் அசையற மாதிரி ஒரு கரடிப் பொம்மை செஞ்சார். இது விக்குமான்னு அத்தைக்கே சந்தேகம். 1903-ல லைப்சிக் ஊர்ச் சந்தையில கடைசி நேரத்துல ஒரு அமெரிக்க வியாபாரி மூவாயிரம் கரடி கேட்டார். அமெரிக்காவுல அப்ப ஜனாதிபதியா இருந்த தியோடர் ரூஸ்வெல்ட்டோட செல்லப் பேரை வச்சுக் கரடிப் பொம்மைக்கு டெடின்னு பேர் வந்துச்சு. நம்ம பிள்ளைங்க வச்சிருக்கிற டெடி பியர் அந்தக் கரடியோட வம்சம்தான். 1907-ல மட்டும் 9,74,000 கரடி தைச்சாங்க. தொழிற்சாலையில 400 பேர், வீட்டில இருந்து தைக்கிறவங்க 1,800 பேர்.

மிருகம் மட்டும் இல்லை, உடுப்பு போட்ட மனுஷப் பொம்மையும் செஞ்சாங்க. முகத்துக்கு ரெண்டு ஃபெல்ட் துண்டை நடுவுல சேர்த்துத் தைப்பாங்க. அந்தத் தையல் நெத்தியில இருந்து தாடை வரைக்கும் ஓடும், மூக்கு எடுப்பா வரும். பட்டாளக்காரன், கிராமத்து ஆள்னு ஒவ்வொண்ணுக்கும் அதுக்கேத்த சட்டை, தொப்பி. நாம கொலுவுக்குப் பொம்மை செய்யறப்ப முகம் தட்டையா வருதுன்னு கவலைப்படறோமே, இந்த நடுத்தையலைப் போட்டுப் பாருங்க. நான் ரெண்டு பொம்மையில செஞ்சு பார்த்தேன், நல்லாவே வருது. ஜாக்கெட் பிட்டுல மிச்சம் விழற துண்டு போதும்.

புதுசா எந்தப் பொம்மை செஞ்சாலும் மார்கரெட் கையில வாங்கிப் பார்த்துத் திருப்தியான பிறகுதான் விற்பனைக்குப் போகும். மத்தவங்க பார்த்து அதே மாதிரி செஞ்சு விக்க ஆரம்பிச்சதும், 1904-ல பொம்மையோட காதுல உலோகப் பொத்தான் வச்சுத் தைச்சாங்க. பொத்தானைப் பார்த்தா யாரு சரக்குன்னு தெரிஞ்சிடும். நம்ம பொருள்ல குழுப் பேரு போட்ட ஒரு துணி லேபிளாவது தைக்கணும்னு இதைப் படிச்ச பிறகு எனக்குத் தோணுது.

1909 மே 9-ந் தேதி நிமோனியா காய்ச்சல்ல அந்த அம்மா இறந்தாங்க. அப்ப அவங்களுக்கு 61 வயசு. அவங்க தொடங்கின கம்பெனி அதே ஊர்ல இன்னைக்கும் நடக்குது.

இதை நான் எழுதினதுக்கு ஒரு காரணம் இருக்கு. எங்க குழுவுல ஒரு தங்கச்சி இருக்கா. சின்ன வயசுலேயே ரெண்டு காலும் சூம்பிப் போச்சு. அரசாங்கத்துல மாற்றுத்திறனாளிகளுக்குக் கொடுக்கிற மோட்டார் வச்ச தையல் மெஷின் அவளுக்குக் கிடைச்சிருக்கு. பொம்மைப் பயிற்சியில அவ தைச்ச பொம்மைக்குப் பட்டுப்பாவாடை கட்டி, ஜடை பின்னி, பூ வச்சிருந்தா. அதைத்தான் எல்லாரும் கையில எடுத்துப் பார்த்தாங்க. துணியும் பஞ்சும் வாங்கப் பத்தாயிரம் ரூபாய் உள்கடன் கேட்டிருக்கா. கட்ட முடியுமா, நடந்து போய் விக்க முடியுமான்னு சிலர் இழுக்கிறாங்க. ரெண்டு கூட்டமா தீர்மானம் தள்ளிப் போகுது. மூணு வருஷத்துல அவ சேமிப்பு ஒரு மாசம்கூட நிக்கலை. இது எங்க நோட்டைப் பார்த்தாலே தெரியும்.

நடந்து போய் விக்கறது மார்கரெட்டாலயும் முடியலை. தம்பிதான் மூட்டையைச் சந்தைக்குத் தூக்கிட்டுப் போனார். பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைங்க வண்டி இழுத்தாங்க. தைக்கிற கை அவங்களோடது, நடக்கிற கால் சுத்தி இருந்தவங்களோடது. நாம பன்னிரண்டு பேர் இருக்கோம், இருபத்திரெண்டு நல்ல கால் இருக்கு. சந்தைக்குப் போறப்ப அவ பையையும் சேர்த்து எடுத்துட்டுப் போனா யாருக்கு என்ன குறையும்?

அடுத்த கூட்டம் வர்ற மாசம் முதல் செவ்வாய்க்கிழமை. தீர்மான நோட்டுல முதல் கையெழுத்து நான் போடுறேன். மத்த சகோதரிகளும் வந்து போடணும்னு கேட்டுக்கிறேன். இதைப் படிக்கிற மத்த குழுக்காரங்க, உங்க ஊர்லயும் இப்படி ஒருத்தி குழுவுல சேராம வீட்டு மூலையில உட்கார்ந்திருந்தா, போய்க் கூப்பிடுங்க.