முக்கோணத்தால் நிலமளந்த லாம்டன்

ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையே குன்றுகள் பல நிமிர்ந்து நிற்கின்றன. அவ்விரண்டு ஊர்களுக்கும் நடுவே 78 ஆம் தீர்க்கக்கோடு செல்கின்றது. அக்கோட்டை ஒட்டிக் குமரிமுனை முதல் இமயத்தின் அடிவாரம் வரை நிலம் அளக்கப்பட்டது. அப்பெரும்பணியைத் தொடங்கியவர் வில்லியம் லாம்டன் என்னும் ஆங்கிலேயர் ஆவார்.

லாம்டன் யார்க்சயரில் எளிய குடியிற் பிறந்தவர்; படையிற் பணிபுரிந்துகொண்டே கணிதத்தை விரும்பிக் கற்றவர். 1799 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் இராயக்கோட்டை வழியாக மைசூர் நாட்டினுட் புகுந்த ஆங்கிலப் படையில் அவரும் இருந்தார். திப்பு சுல்தான் வீழ்ந்தபின், கீழ்கடல் தொடங்கி மேல்கடல் வரை நிலத்தைப் பிழையற அளக்க அவர் கும்பெனியாரிடம் இசைவு பெற்றார். கும்பெனியார்க்கு நாட்டை ஆளுதற்கு வரைபடம் வேண்டியிருந்தது. லாம்டனுக்கோ நிலவுலகின் வடிவத்தை அறியும் வேட்கை இருந்தது.

மலையும் காடும் நிறைந்த நாட்டை முழுதும் சங்கிலியிட்டு அளத்தல் எங்ஙனம் இயலும்? மாணவர்களே, இங்குத்தான் முக்கோணம் துணைநின்றது. ஒரு பக்கத்தின் நீளமும் அதன் இரு முனைகளிலுள்ள கோணங்களும் தெரிந்துவிட்டால், முக்கோணத்தின் வடிவும் அளவும் உறுதியாகிவிடும். அவ்வளவுகளைக் கொண்டு நூறு பேர் நூறு முக்கோணங்கள் வரைந்தாலும், ஒன்றை நகர்த்தியோ சுழற்றியோ புரட்டியோ மற்றொன்றின்மேல் வைத்தால் அவை முற்றும் பொருந்தும். இவற்றையே சர்வசம முக்கோணங்கள் என்கிறோம். எனவே, நடந்து அளக்கவியலாத மற்றைப் பக்கங்களைக் கணக்கிட்டே அறியலாம். அப்பக்கங்களின்மேல் அடுத்தடுத்து முக்கோணங்களை அமைத்துச் செல்லலாம்.

1802 ஆம் ஆண்டு ஏப்ரல் 10 ஆம் நாள், பரங்கிமலைக்கு அருகே ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி வெப்பத்தால் நீளுமாதலின், வெப்பநிலையைக் குறித்துக் கணக்கைத் திருத்தினார். இவ்வொரு கோட்டிற்கே 57 நாள்கள் கழிந்தன. பின்னர், அரை டன் எடையுள்ள தியோடலைட் என்னும் கோணமானியைக் குன்றுதோறும் ஏற்றிக் கோணங்களை அளந்தார். அதனைச் சுமந்து ஏறியவர்கள் நம் நாட்டுத் தொழிலாளர்களே.

முக்கோணத் தொடர் பெங்களூரை எட்டியதும், 1804 இல் அங்கு மற்றொரு கோட்டை நேரிலேயே அளந்து தம் கணக்கைச் சோதித்தார். இருநூறு மைல் கடந்து வந்த கணக்கிற்கும் நேரில் அளந்த நீளத்திற்கும் இடையே சில அங்குலமே வேற்றுமை இருந்தது!

1808 இல் தஞ்சைப் பெரியகோயில் விமானத்தின்மேல் கோணமானியை ஏற்றியபோது கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி, அதன் வட்டம் நெளிந்தது. வட்டம் கோணினால் கோணம் பிழைபடும். ஒரு கோணம் பிழைபட்டால் தொடர் முழுதும் பிழைபடும். லாம்டன் மனம் தளர்ந்தாரல்லர். கூடாரத்தினுள் ஆறு வாரம் இருந்து, அதனைச் சிறிது சிறிதாகப் பழைய வடிவிற்குக் கொணர்ந்தார்.

முதுமையிலும் அளவைப் பணியை விடாத லாம்டன், 1823 ஆம் ஆண்டு சனவரி 20 ஆம் நாள், நாகபுரியை அடுத்த இங்கன்காட்டில் காலமானார். அவர் விட்ட இடத்திலிருந்து ஜார்ஜ் எவரெஸ்ட்டு பணியைத் தொடர்ந்து இமயத்தின் அடிவாரம் வரை கொண்டு சென்றார். பள்ளிச் சிறுவரும் அறிந்த ஓர் எளிய உண்மையை ஐயமறக் கற்று, அதனைச் சோம்பலின்றிக் கையாண்டவர்க்கு மலையும் தடையாகாது என்பதற்கு லாம்டனின் வாழ்க்கை சான்றாகும்.