சூளைக்கு மேஜையை உடைத்துப் போட்டவர்! சிறையில் செத்த பீங்கான் சிற்பி

பிரான்சில் 16-ம் நூற்றாண்டில் வாழ்ந்தவர் பெர்னார்ட் பாலிசி. கண்ணாடியில் சித்திரம் தீட்டுவது தொழில்.

மெருகு பூசிய கோப்பை ஒன்றைப் பார்த்தார். அதேபோல் செய்தே தீருவது என்று இறங்கினார். வருஷக்கணக்கில் சூளை போட்டார். மெருகு உருகவில்லை, கடன்தான் ஏறியது.

ஒரு தடவை பாதியில் விறகு தீர்ந்துபோச்சு. சூடு இறங்கினால் அத்தனையும் பாழ்! தோட்டத்துக் கொம்புகளைப் பிடுங்கிப் போட்டார். பத்தவில்லை. மேஜைகளையும் தரைப் பலகைகளையும் உடைத்துத் திணித்தார். ஊரே பைத்தியம் என்றது.

கடைசியில் ஜெயித்தார். பாம்பு, மீன், பல்லிகளின் உடம்பிலேயே அச்சு எடுத்து, ஈய மெருகு பூசிச் சுட்ட தட்டுகளுக்கு அரண்மனையில் ஏக கிராக்கி. ராஜமாதா கேத்தரினே வேலை கொடுத்தார்.

ஆனால் புராட்டஸ்டண்ட் மதத்தை விட மறுத்தார். 1588-ல் கைது. 1590 வாக்கில், சுமார் 80 வயதில், பாஸ்டில் சிறையிலேயே உயிர் போனது.