ஆழிக்குமரன் ஆனந்தன்: கடலும் கடிகாரமும்

எங்க வீட்டுல படிக்க வந்த முதல் ஆள் நான்தான். எங்க பெரியதாழையில் கடல்தான் தொழில். அதனால் அந்தக் கடலை நீந்திப் புகழ் பெற்ற ஒரு தமிழரைப் பற்றிச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் 1943-ல் பிறந்தவர் குமார் ஆனந்தன். 1971-ல் தலைமன்னாரில் இறங்கி, தனுஷ்கோடி வந்து, மறுபடியும் தலைமன்னாருக்கே நீந்திப் போனார். தூரம் சுமார் 60 கி.மீ. நேரம் 51 மணி. 1966-ல் மிகிர் சென் ஒரு வழி நீந்தவே 25 மணி 36 நிமிடம் ஆனது. அதே வேகத்தை ஆனந்தன் ரெண்டு வழிக்கும் விடாமல் பிடித்தார் என்றால் அது மிகையாகாது. 1981-ல் சென்னை அண்ணா நீச்சல் குளத்தில் 80 மணி நேரம் தரையில் கால் படாமல் தண்ணீரில் நின்றார்.

இந்தக் கணக்கை நம்ம லேப் கண்ணோடு பார்ப்போமா? நேரம் என்பது தொடர் மாறி. நொடி வரைக்கும் அளக்கலாம். எத்தனை முறை கடந்தார் என்பது எண்ணிக்கை; அதில் ஒண்ணரை கிடையாது. காற்று கச்சானா, கொண்டலா, வாடையா என்பது வெறும் வகை. அதைக் கூட்டிக் கழிக்க முடியாது. காற்று, நீவாடு, தண்ணீரின் சூடு இவையெல்லாம் சாரா மாறிகள். இவற்றால் கூடிக் குறையும் நேரம் சார்ந்த மாறி.

2021-ல் ரோஷன் அபேசுந்தர இதே தடத்தை 28 மணி 19 நிமிடத்தில் முடித்தார். அப்படியானால் ஆனந்தனுக்குப் பலம் குறைவா? அப்படிச் சொல்லிவிட முடியாது. ரெண்டு பேருக்கும் நீவாடு எந்தப் பக்கம் இழுத்தது, காற்று எப்படி இருந்தது என்று பக்கத்தில் எழுதி வைத்துப் பார்த்தால்தான் ஒப்பிட முடியும். மணிக்கணக்கு மட்டும் பாதிக் கணக்கு.

1984 ஆகஸ்ட் 6-ல் இங்கிலீஷ் கால்வாயை நீந்தும் முயற்சியில் ஆனந்தன் உயிர் நீத்தார். வயது 41. அந்தக் கடல் கோடையிலும் 15 முதல் 18 டிகிரிதான். நம்ம வெதுவெதுப்பான கடலில் எடுத்த 51 மணியை வைத்து அங்கே என்ன நடக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. மாறி ஒன்று மாறினால் கணக்கே மாறும்.

எங்க அப்பா வலை போகிற போக்கைப் பார்த்தே நீவாட்டைச் சொல்லிவிடுவார். ஆனால் அதை எழுதி வைத்தது இல்லை. படிக்க வந்த நாம்தான் எழுத வேண்டும். நண்பர்களே, விளையாட்டு விழாவில் நேரம் குறிக்கும்போது வெயிலையும் காற்றையும் சேர்த்துக் குறியுங்கள். அளவு ஒரு எண். அது வந்த நிலைமையும் சேர்ந்தால்தான் அறிவு.

வாழ்க ஆழிக்குமரன் புகழ்!

– இரண்டாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன், பெரியதாழை