படத்தில் இருப்பவர் பெயர் புளோரன்ஸ்



ஒரு படத்தைப் பற்றிச் சொல்கிறேன். உங்களில் சிலர் பிள்ளைகளின் புத்தகத்திலோ செல்போனிலோ பார்த்திருப்பீர்கள். கருப்பு வெள்ளைப் படம். நடுவில் ஒரு அம்மா. நெற்றியெல்லாம் சுருக்கம். வலது கை கன்னத்தை ஒட்டி இருக்கும். ரெண்டு பிள்ளைகள் ஆளுக்கொரு தோளில் சாய்ந்து, நமக்கு முகம் காட்டாமல் திரும்பி நிற்கும். மடியில் ஒரு கைக்குழந்தை தூங்கும். அந்தம்மாவின் கண் மட்டும் எங்கேயோ தூரத்தில் இருக்கும். பொழுது விடிஞ்சா என்ன செய்யறதுன்னு கணக்குப் போடுகிற கண். அந்தக் கண் நமக்குத் தெரியாததா?

1936-ல் அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தில் எடுத்த படம் அது. 'புலம்பெயர்ந்த தாய்' என்று அதற்குப் பெயர் வந்தது. வறுமை என்றாலே அமெரிக்கர்களுக்கு இந்த முகம்தான் ஞாபகம் வரும். எடுத்தவர் டோரதியா லாங் என்ற பெண் போட்டோகிராபர். அவர் பெயர் உலகம் பூராவும் தெரியும். படத்தில் இருக்கிற அந்தம்மா யார் என்பது மட்டும் 42 வருஷம் உலகத்துக்குத் தெரியாது.

பெரிய படங்களின் கதை பாதிக்கு மேல் இப்படித்தான். மோனாலிசாவை எடுத்துக்கொள்ளுங்கள். வரைந்த டாவின்சியைத் தெரியும். படத்தில் இருப்பவர் இத்தாலியில் ஒரு பட்டு வியாபாரியின் மனைவி, பெயர் லிசா என்று எத்தனை பேருக்குத் தெரியும்? லிசா வசதியான வீட்டுப் பெண், அவர் கதை வேறு. நான் சொல்லப்போகிறவர் காட்டு வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தவர். பெயர் புளோரன்ஸ்.

புளோரன்ஸ் பிறந்தது 1903 செப்டம்பர் 1-ம் தேதி, இன்றைக்கு ஓக்லஹோமா என்று சொல்லப்படும் பகுதியில். அமெரிக்காவின் பூர்வகுடிகளான செரோக்கி இனத்தைச் சேர்ந்தவர். அந்த மக்களை 1838-ல் அமெரிக்க அரசே ராணுவத்தை வைத்து, கிழக்கில் இருந்த சொந்த நிலத்திலிருந்து விரட்டி இந்தப் பக்கம் தள்ளியது. அதனால் இடம் விட்டு இடம் போவது புளோரன்ஸின் இனத்துக்கே புதுசு இல்லை. வேடிக்கை என்னவென்றால், அந்தப் படத்தைப் பார்த்துக் கண்ணீர் விட்ட அமெரிக்கர்கள் அவரை வெள்ளைக்காரப் பெண் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். படம் எடுத்தவருக்கே தெரியாது. அவர் கேட்கவும் இல்லை.

புளோரன்ஸ் பிறப்பதற்கு முன்பே அப்பா குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். அம்மா வேறு ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு, விவசாய வீட்டில் மகளை வளர்த்தார். 17 வயதில் புளோரன்ஸுக்குக் கல்யாணம். கணவர் கிளியோ ஓவன்ஸ், அவரும் விவசாயி வீட்டுப் பிள்ளைதான். பிள்ளைகள் பிறந்தார்கள். பிழைப்புத் தேடி 1920-களிலேயே மேற்கே கலிபோர்னியாவுக்கு வந்து, மர அறுப்பு மில்லிலும் வயல் காட்டிலும் வேலை செய்தார்கள். இதைச் சொல்லக் காரணம் உண்டு. 1930-களில் மழை இல்லாமல் மண்காற்று அடித்து, லட்சக்கணக்கான விவசாயிகள் ஊரை விட்டு ஓடினார்கள். புளோரன்ஸும் அப்படி ஓடிவந்தவர் என்றுதான் நிறையப் பேர் எழுதினார்கள். அவரோ அதற்குப் பல வருஷம் முன்பே வந்து உழைத்துக்கொண்டிருந்தவர்.

1931-ல் கிளியோ டி.பி. வந்து இறந்துபோனார். அப்போது புளோரன்ஸுக்கு 28 வயதுகூட முழுசாக ஆகியிருந்ததோ இல்லையோ. கையில் ஐந்து பிள்ளைகள், வயிற்றில் ஆறாவது. நாடே வேலை இல்லாமல் தவித்த நேரம். பேங்க்குகள் மூடின, ஆலைகள் மூடின. பகலில் வயல் வேலை, ராத்திரி ஓட்டல் வேலை என்று ஓடினார். ஒரு ஓட்டலில் நாளுக்கு அரை டாலர் சம்பளம், கூடவே மிஞ்சிய சாப்பாடு. அந்த மிஞ்சிய சாப்பாட்டுக்காகவே அங்கே போனார் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

பருத்திக் காட்டில் அவர் செய்த வேலையைக் கேட்டால் மலைப்பாக இருக்கும். இருட்டு கலையும் முன்னே காட்டில் இறங்கி, செடி கண்ணுக்குத் தெரியாமல் போகிற வரைக்கும் பறிப்பார். ஒரு நாளைக்கு 200 கிலோவுக்குக் குறையாது. அந்தம்மாவின் எடையே 45 கிலோ தேறாது! தன்னைப் போல நாலு மடங்கு எடையைத் தினமும் பறித்து, மூட்டை கட்டி இழுத்திருக்கிறார். கூலி 45 கிலோவுக்கு அரை டாலர். முதுகு ஒடிகிற ஒரு நாளுக்கு இரண்டேகால் டாலர் கிடைக்கும், அதுவும் பருத்தி நன்றாக வெடித்திருந்தால்.

கொஞ்ச காலம் பெற்றோரோடு இருந்துவிட்டு, அவர்களையும் கூட்டிக்கொண்டு மறுபடி கலிபோர்னியா வந்தார். அங்கே ஜிம் ஹில் என்பவரோடு குடும்பம் அமைந்து, இன்னும் மூன்று பிள்ளைகள். மொத்தம் பத்துப் பிள்ளைகளைப் பெற்றவர் அவர். பீட்ரூட் அறுவடைக்கு ஒரு ஊர், பட்டாணிக்கு ஒரு ஊர், பருத்திக்கு ஒரு ஊர் என்று பழைய கார் ஒன்றில் குடும்பமே சுற்றியது. பேக்கர்ஸ்ஃபீல்டு ஊரில் ஒரு பாலத்துக்கு அடியில் குடியிருந்த காலமும் உண்டு. அப்போது டெண்ட்கூடக் கிடையாது, கிழிந்த ஒரு மெத்தைப் போர்வைதான். பிள்ளைகள் சாப்பிட்ட பிறகு மீதி இருந்தால் அவர் சாப்பிடுவார். இல்லாவிட்டால் இல்லை.

இனி அந்த 1936 மார்ச் மாசத்துக்கு வருவோம்.

பீட்ரூட் வேலை முடிந்து, லெட்டூஸ் கீரை அறுப்பு கிடைக்கும் என்று வாட்சன்வில் என்ற ஊரை நோக்கி வடக்கே போய்க்கொண்டிருந்தார்கள். நிப்போமோ என்ற இடத்துக்கு வந்ததும் காரின் டைமிங் செயின் அறுந்துவிட்டது. வண்டி உருண்டு போய் நின்ற இடத்தில் பட்டாணி பறிக்க வந்த கூலிகளின் முகாம் ஒன்று இருந்தது. ரெண்டாயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல் அங்கே கிடந்தார்கள். குளிர் மழையில் பட்டாணி பூராவும் கருகிவிட்டது. பறிக்கப் பட்டாணி இல்லை, அதனால் கூலி இல்லை, அதனால் சோறும் இல்லை. ஜிம்மும் பெரிய பையன்களும் வண்டி சாமானைப் பழுது பார்க்க டவுனுக்குப் போனார்கள். புளோரன்ஸ் சின்னதுகளை வைத்துக்கொண்டு ஒரு டெண்ட்டின் முன்னால் காத்திருந்தார்.

டோரதியா லாங் அப்போது அரசாங்க வேலையில் இருந்தார். விவசாயக் கூலிகளின் நிலைமையைப் படம் எடுத்து அரசுக்குக் கொடுப்பது அவர் வேலை. ஒரு மாசச் சுற்றுப்பயணம் முடிந்து வீட்டுக்குத் திரும்பும் வழியில் பட்டாணி முகாம் பலகையைப் பார்த்தார். நிற்காமல் 30 கிலோமீட்டர் போனவர், மனசு கேட்காமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தார். பத்து நிமிஷம்தான். ஆறேழு படம் எடுத்தார். கிட்டே கிட்டே போய் எடுத்த கடைசிப் படம்தான் இன்று உலகம் பார்ப்பது. பெயர் கேட்கவில்லை, வயசு மட்டும் கேட்டார். 32.

படங்கள் சான்ஃபிரான்சிஸ்கோ பத்திரிகையில் வந்தன. நாடு பதறியது. அரசு உடனே அந்த முகாமுக்கு 9 டன் உணவுப் பொருள் அனுப்பியது. ஒரு படம் அத்தனை பேர் பசியாற்றியது பெரிய காரியம்தான், அதைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்த உணவு வந்து இறங்கியபோது புளோரன்ஸ் அங்கே இல்லை. வண்டி சரியானதும் கிளம்பி, வாட்சன்வில் பக்கம் வேலைக்குப் போய்விட்டார். அந்த 9 டன்னில் ஒரு கைப்பிடிகூட அவர் பிள்ளைகளின் தட்டுக்கு வரவில்லை.

பத்திரிகையில் படம் வந்த நாளில் நடந்ததை அவர் மகன்கள் பின்னால் சொல்லியிருக்கிறார்கள். பையன்கள் பேப்பரில் அம்மா முகத்தைப் பார்த்தார்கள். அச்சு மை சிந்தி நெற்றியில் ஒரு கறுப்புப் பொட்டு விழுந்திருந்தது. அம்மாவை யாரோ சுட்டுவிட்டார்கள் என்று நினைத்து, அலறிக்கொண்டு ஓடினார்கள். அம்மா வழக்கம்போல வேலையாக இருந்தார்.

படத்தோடு லாங் எழுதிய குறிப்பும் போனது. ஏழு பிள்ளைகளின் தாய், சாப்பாடு வாங்க வண்டி டயரை விற்றுவிட்டார்கள் என்று அதில் இருந்தது. இது குடும்பத்தாரை நெடுங்காலம் உறுத்தியது. டயரை விற்றிருந்தால் அங்கிருந்து எப்படிப் போயிருக்க முடியும்? இருந்ததே வண்டியில் மாட்டியிருந்த டயர்தான், அதில்தான் ஓட்டிக்கொண்டு போனோம் என்றார் மகன். வேறு யாரோ சொன்னதை லாங் சேர்த்து எழுதிவிட்டாரோ என்னவோ. இது சின்ன விஷயம் மாதிரி தெரியும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இருக்கிற ஒரே சொத்தையும் விற்றுவிட்டு உட்கார்ந்திருப்பவர் என்பது வேறு, வண்டி பழுதாகி அடுத்த வேலைக்குப் போகக் காத்திருப்பவர் என்பது வேறு. முதலாவது பெண்ணைப் பார்த்துப் பரிதாபம் வரும். இரண்டாவது பெண்தான் புளோரன்ஸ்.

படத்தை வெளியிட மாட்டேன் என்று லாங் வாக்குக் கொடுத்தார், ஒரு பிரதி அனுப்புகிறேன் என்றும் சொன்னார், அனுப்பவே இல்லை என்பது புளோரன்ஸின் வருத்தம். லாங் சொன்னது வேறு மாதிரி. என் படம் தனக்கு உதவும் என்று அந்தப் பெண் நினைத்தார், அதனால் அவரும் எனக்கு உதவினார் என்று பல வருஷம் கழித்து எழுதினார். இருவரில் யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்ல நாம் யார்? லாங் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். அவர் வாங்கியது அரசாங்கச் சம்பளம் மட்டும்தான். படம் அரசுடைமை, யார் வேண்டுமானாலும் இலவசமாக அச்சிடலாம். அதனால்தான் அது எங்கே பார்த்தாலும் வந்தது.

வந்த இடத்திலெல்லாம் புளோரன்ஸின் பிள்ளைகளுக்குக் கூச்சம். ஸ்கூலில், வேலையில் யாராவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்ற பயம். அவரும் வெளியே சொல்லவில்லை. 1958-ல் ஒரு பத்திரிகையில் மறுபடி அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, விற்பனையை நிறுத்தச் சொல்லி ஆசிரியருக்குக் கடிதம் எழுதினார். ஒன்றும் நடக்கவில்லை. (இந்த மலரிலும் நம் உறுப்பினர்கள் படம் நிறைய இருக்கிறது. ஒவ்வொன்றின் கீழேயும் பெயர் இருக்கிறதா என்று கொஞ்சம் புரட்டிப் பாருங்கள்.)

அதற்குள் வாழ்க்கை மாறியிருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, ஆஸ்பத்திரி நிர்வாகத்தில் இருந்த ஜார்ஜ் தாம்சன் என்பவரைக் கல்யாணம் செய்துகொண்டு, மொடெஸ்டோ ஊரில் நிலையாகக் குடியேறினார். பிள்ளைகள் தலையெடுத்து, 1970-களில் அம்மாவுக்கு ஒரு வீடே வாங்கிக் கொடுத்தார்கள். அந்தம்மாவுக்கு அது ஒத்துவரவில்லை. சக்கரம் வைத்த வீடுகள் இருக்கிற குடியிருப்புக்கே திரும்பிப் போய்விட்டார். பாதி ஆயுள் வண்டியிலேயே போனவருக்குக் கான்கிரீட் வீட்டில் தூக்கம் வருமா?

1978-ல்தான் உள்ளூர்ப் பத்திரிகை நிருபர் ஒருவர் அவரைத் தேடிப் பிடித்தார். அப்போது அவருக்கு 75 வயது. மனசில் இருந்ததை மறைக்காமல் சொன்னார். அந்தப் படத்தை எடுக்க விட்டிருக்கக் கூடாது, அதால் எனக்கு ஒரு காசு வரவில்லை, என் பெயரைக்கூடக் கேட்கவில்லை என்றார். பெயர் தெரிந்த பிறகு அவரையும் மகள்களையும் வைத்து மறுபடி படம் எடுத்தார்கள். மகள்களில் ஒருவர் பின்னாளில் சொன்னது என் மனசில் நிற்கிறது. எங்க அம்மாவுக்குப் பாட்டு பிடிக்கும், டான்ஸ் ஆடப் பிடிக்கும், சந்தோஷமா இருக்கத் தெரிஞ்சவங்க, அந்தப் படத்துல இருக்கிற மாதிரி அவங்களை நினைக்க எனக்கு விருப்பம் இல்லை என்றார். அந்தப் பெண் யார் தெரியுமா? படத்தில் மடியில் தூங்கும் கைக்குழந்தை.

1983-ல் பக்கவாதமும் புற்றுநோயும் சேர்ந்து புளோரன்ஸைப் படுக்கையில் தள்ளின. வைத்தியச் செலவைப் பிள்ளைகளால் தாங்க முடியவில்லை. வேறு வழியில்லாமல், 47 வருஷமாக மறைத்து வந்த அந்தப் படத்தையே முன்னால் வைத்து நாட்டு மக்களிடம் உதவி கேட்டார்கள். இரண்டாயிரத்துக்கு மேல் கடிதங்கள் வந்தன. மொத்தம் 35,000 டாலர் சேர்ந்தது. அந்தப் படம் எங்களுக்கு எவ்வளவு தெம்பு கொடுத்தது தெரியுமா என்று முன்பின் தெரியாதவர்கள் எழுதியிருந்தார்கள். அதைப் படித்த பிறகுதான் பிள்ளைகளுக்கு அந்தப் படத்தின் மேல் இருந்த கூச்சம் விலகியது. செப்டம்பர் 16-ம் தேதி, 80 வயதில், புளோரன்ஸ் காலமானார். ஜார்ஜுக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள்.

1998-ல் லாங்கின் கையெழுத்துக் குறிப்போடு இருந்த ஒரு பழைய பிரதி ஏலத்துக்கு வந்தது. 2,44,500 டாலருக்குப் போனது. அன்றைய மதிப்பில் நம் பணத்துக்கு ஒரு கோடி ரூபாய் பக்கம். அதே வருஷம் அமெரிக்கத் தபால் துறை அந்தப் படத்தை 32 சென்ட் தபால்தலையாக வெளியிட்டது. தோளில் முகம் புதைத்து நின்ற மகளில் ஒருவரும், மடியில் தூங்கிய மகளும் அப்போது உயிரோடு இருந்தார்கள். அறுபது வயது தாண்டியிருந்தார்கள். தங்கள் அம்மா முகத்தை நாடு முழுக்கக் கடிதங்களில் ஒட்டி அனுப்பியதை அவர்கள் இருவரும் பார்த்தார்கள்.