பறவை நூல் வல்ல சாலிம் அலி

பட்டமே கல்விக்கு அளவுகோல் என்று மயங்குவார் நம்முட் பலர். அம்மயக்கம் தீர்க்க வல்லது சாலிம் அலி என்னும் பெரியாரின் வரலாறு.

இவர் 1896ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் பம்பாயில் ஒரு முஸ்லிம் குடும்பத்திற் பிறந்தார். இளமையிலேயே பெற்றோரை இழந்து, தாய்மாமன் அமிருத்தீன் தயாப்ஜியின் ஆதரவில் வளர்ந்தார். சுமார் பத்து வயதிற் சிறு துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டு வீழ்த்தினார். அதன் கழுத்தில் மஞ்சள் மறு ஒன்று இருந்தது. அஃது யாதென மாமனும் அறியாராய், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகச் செயலாளர் மில்லார்டு துரையிடம் சிறுவனை அனுப்பினார். துரை குருவியின் பெயரைச் சொன்னதோடு அமையாது, பேழைகளைத் திறந்து பாடஞ்செய்த பறவைகள் பலவற்றையுங் காட்டினார். வேட்டை விருப்பம் அன்று கல்வி விருப்பமாக மாறத் தொடங்கிற்று.

பின்னர்ப் பர்மா சென்று மீண்டவர், வணிகக் கல்வி பயிலும்போதே சவேரியார் கல்லூரியில் விலங்கு நூலும் கற்றார். அதற்கு இவரைத் தூண்டியவர் பிளாட்டர் என்னும் இயேசு சபைக் குருவாவர். எனினும் பல்கலைக்கழகப் பட்டம் இன்மையால், அரசாங்க விலங்காய்வுத் துறையில் இவருக்கு இடங் கிடைத்திலது.

மனந்தளராது 1928இல் பெர்லின் சென்று, ஸ்ட்ரெசெமன் என்னும் பேரறிஞரிடம் பயின்றார். அந்நகரத்துக் காட்சிச்சாலையிலேதான் சுமார் 15 கோடி ஆண்டுகட்கு முற்பட்ட ஆர்க்கியாப்டெரிக்ஸ் என்னும் ஆதிப் பறவையின் கல்லுருவம் ஒன்று உளது. அதற்கு இறகும் உண்டு. பல்லும், விரல் நகமும், நீண்ட எலும்பு வாலும் உண்டு. ஊர்வன இனத்தினின்றே பறவை தோன்றிற்று என்பதற்கு அது சான்று. உட்பொள்ளலான எலும்பு அம்முன்னோர் தந்த செல்வம். பின்வந்த பறவைகளிற் பல் ஒழிந்தது. வால் எலும்பு குறுகிற்று. மார்பெலும்பு படகின் அடிபோல் நீண்டு, பறத்தற்குரிய தசைகளைத் தாங்கிற்று.

1930இல் தாயகம் மீண்டபோது, பொருட்குறையால் இவரது பழைய உத்தியோகம் ஒழிந்திருந்தது. கிஹிம் என்னும் கடலோர ஊரில் தங்கித் தூக்கணாங்குருவிகளை நாடோறும் நோக்கினார். ஆண்குருவி கூட்டைப் பாதி கட்டும். பெட்டை வந்து பார்த்து ஏற்றபின்னரே அதனை முடிக்கும். முடித்தவுடன் வேறொரு பெட்டைக்கு மற்றொரு கூடு தொடங்கும் என்பதைக் கண்டறிந்து வெளியிட்டார். வறுமைக் காலத்து வேலையே இவருக்குப் புகழ் தந்தது.

1939இல் அருமை மனைவியார் தெஹ்மினா மறைந்தார். அத்துயரிலும் தொழிலை விடாது, 1941இல் இந்தியப் பறவைகளைப் பற்றிய நூலை வெளியிட்டார். 1968 முதல் 1974 வரை ரிப்ளியுடன் கூடிப் பத்துத் தொகுதிகள் இயற்றினார். காரைக்காலுக்குத் தெற்கே, 1967இல் சரணாலயமான கோடியக்கரையில், இவருடைய கழகத்தார் வலசைப் பறவைகளின் காலில் வளையமிட்டு அவை செல்லும் வழியை ஆராய்ந்தனர். 1976இல் பத்மவிபூஷண் விருது பெற்ற இவர், 1987ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார்.

தம் வாழ்க்கை வரலாற்றுக்கு இவர் இட்ட பெயர் ஒரு குருவியின் வீழ்ச்சி என்பது. குருவி ஒன்று தரையில் விழுவதும் பரமபிதா அறியாததன்று எனத் திருமறையிற் கற்ற நாம், அக்குருவி தோன்றிய வரலாற்றை ஆராய அஞ்சுவானேன்? படைப்பை உற்று நோக்குதலும் வழிபாடேயாம். மாரிக்காலத்தில் நம் அரசலாற்று முகத்துவாரத்துக்குச் செல்லும் மாணவ நண்பர்காள், கண்ணையும் குறிப்பேட்டையும் உடன்கொண்டு செல்வீராக.